தியாகுவின் காருக்கு என் வண்டியில் வந்த எஞ்சின்

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு எஞ்சின் மாற்ற நினைத்து, சாமான் தேடி கோலசிலாங்கூர் பக்கம் போகலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை போய் வந்தேன். கார் என்னுடையது இல்லை, தங்கை புருஷன் தியாகுவுடையது. எழுபதுகளில் வந்த டொயோட்டா செலிகா, இரண்டு கதவு.

அதை முதலில் பார்த்தவன் நான். பத்தாங் பெர்ஜுந்தை பக்கத் தோட்டமொன்றில், கணக்கு எழுதி ஓய்வு பெற்ற கிராணி வீட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. யோசிக்க ஒரு வாரம் கேட்டேன். வீட்டுக்கு வந்து தியாகு உட்பட எல்லாரிடமும் வாய் ஓயாமல் அதைப் பற்றியே பேசினேன். வாரம் முடிவதற்குள் தியாகு வாங்கிவிட்டான். அவனிடம் பிக்கப் கிடையாது, என்னிடம் இருக்கிறது. ஆகவே எஞ்சின் ஏற்றப் போனவன் நான்.

செரண்டாவிலிருந்து நானும் தியாகுவும் காலை ஏழரைக்குக் கிளம்பினோம். ரவாங், பத்து ஆராங், ஈஜோக் வழியாக புக்கிட் ரோத்தான் சுமார் ஐம்பது கிலோமீட்டர். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். எங்களுக்கு இரண்டு லோரி. வழி நெடுக தியாகு சாயத்தைப் பற்றிப் பேசினான். சிவப்பு அடிக்கப் போகிறானாம். அந்தக் காரின் உடம்புக்குக் கரும்பச்சைதான் பொருந்தும். நான் சொல்லவில்லை.

புக்கிட் ரோத்தானைத் தாண்டி, செம்பனைக்கு நடுவே பஷீர் பாயின் கொட்டகை. ஜப்பானில் கழித்த கார்களை நடுவில் வெட்டி, எஞ்சினோடு முன்பாதியை மட்டும் இறக்குவார்கள். ஹாஃப்-கட் என்பது அதுதான். நான் ஓர் எஞ்சினைத் தேர்ந்து பிளக்குகளைக் கழற்றி நிறம் பார்த்தேன். அழுத்தமானியை மாட்டி நான்கு சிலிண்டரையும் சோதித்தேன். நான்கும் ஏறக்குறைய ஒன்றுபோல் காட்டின.

"நல்லா பாக்குறீங்களே தம்பி. உங்க காருக்கா?" என்றார் பாய்.

"என் காருக்கு பாய்," என்றான் தியாகு.

பாய் அவனுக்குக் கை கொடுத்தார். "கொடுத்து வச்சவரு நீங்க."

நான் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

எஞ்சின் நாலாயிரத்து ஐந்நூறு மலேசிய வெள்ளி. ஆனால் அது முன்சக்கரத்தால் ஓடிய காரிலிருந்து வந்தது. செலிகாவுக்குப் பின்சக்கர ஓட்டத்துக்கான கியர்பாக்ஸ் வேண்டும். "சுங்கை செம்பிலாங்குல காக் ரோஸ்னு மீன் கடை வச்சிருக்காங்க. அவங்க தம்பி ரேஸ் ஓட்டுனவரு. சாமான் இன்னும் கெடக்குது," என்றார் பாய்.

எஞ்சினை ஏற்றிக் கட்டிக்கொண்டு ஜெராம் வழியாகப் போனோம், இருபது நிமிடம். காக் ரோஸ் ஐம்பது வயது மலாய்ப் பெண்மணி; காக் என்றால் அக்கா. மீன் சுட்டுக்கொண்டே மலாயில் பேசினார்: மூவாயிரம், குறைக்க மாட்டேன், மூன்று மணிக்குக் கிள்ளானிலிருந்து வேறொருவர் வருகிறார். கடைக்குப் பின்னால் கியர்பாக்ஸைப் பார்த்ததும் தியாகு குழந்தையைப் போலச் சிரித்தான். உடனே பணத்தை எடுத்தான்.

எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. எஞ்சினோடு சேரும் முன்பக்கக் கூடு வேறு வகை. போல்ட் துளைகள் பொருந்தாது.

வாங்கட்டும் என்று நினைத்தேன். அலையட்டும், கார் கொஞ்ச நாள் தார்ப்பாய்க்குள்ளேயே கிடக்கட்டும் என்று நினைத்தபோதுதான் அந்தக் கார் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவன் அலைவதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அது இன்னும் ஒரு மழைக்காலம் துருப்பிடிப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"கொடுக்காத மச்சான். இது நம்ம எஞ்சினுக்குச் சேராது."

"சும்மா சொல்லாதலா."

இருவருமாக கியர்பாக்ஸைத் தூக்கி எஞ்சினருகில் வைத்தோம். கீழ்த் துளைகள் இரண்டு சேர்ந்தன, மேலே ஒன்றுகூடச் சேரவில்லை. தியாகுவின் முகம் தொங்கிப்போனது. முன்கூடு தனியாகக் கழலும் வகைதான் அது. ஆகவே வேறு கூடு இருக்கிறதா என்று காக் ரோஸிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு உள்ளே போய், உப்புக் கருவாட்டுக் கூடைகளுக்குப் பின்னாலிருந்து ஒன்றை இழுத்து வந்தார். துளைகள் எல்லாம் சேர்ந்தன. அதற்கு ஐந்நூறு தனி.

திரும்பும் வழியில் வெகுநேரம் கழித்து தியாகு கேட்டான்: "இவ்ளோ தெரிஞ்ச நீ, அந்தக் கார ஏன் வேணாம்னு விட்ட?"

"நான் எங்க விட்டேன்? யோசிக்க ஒரு வாரம் கேட்டிருந்தேன்."

அவன் வெளியே பார்த்தான். "எனக்குத் தெரியாது மச்சான்."

"தெரிஞ்சிருந்தா?"

பத்து ஆராங் வளைவுகளில் அவன் திரும்பி, பின்னால் கட்டியிருந்த எஞ்சினைப் பார்த்தான். பிறகு, "தெரிஞ்சிருந்தாலும் வாங்கியிருப்பேன்," என்றான்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது. வாங்கிய பிறகு அவன் அந்தக் காரைப் பற்றிச் சொன்னதில் நான் முழுதாக நம்பியது இது ஒன்றைத்தான்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஹாஃப்-கட் வாங்கினால் சுங்கவரிப் பத்திரத்தைக் கையோடு கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் எஞ்சின் மாற்றத்தைப் பதிவு செய்ய அலைய வேண்டியிருக்கும். கியர்பாக்ஸ் தேடும்போது எஞ்சினையும் வண்டியிலேயே வைத்திருங்கள். படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். சுங்கை செம்பிலாங்கில் சுட்ட மீனைச் சாப்பிடாமல் திரும்பாதீர்கள்.

எஞ்சின் போன ஞாயிறு உயிர் பெற்றது. தியாகு சாவியை என்னிடம் நீட்டினான். ரவாங் வரை ஓட்டிப் போய் வந்தேன். நான் கற்பனை செய்து வைத்திருந்ததைவிட நன்றாக ஓடுகிறது. அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.