என் அக்கா மறுபடி ஏசக் கற்றுக்கொண்டது

என் அக்கா நாச்சியாரைப் பற்றி மானகிரியில் விசாரித்தால் முதலில் அவள் வாயைத்தான் சொல்வார்கள். எவனாவது வாய்க்காலை மறித்துத் தண்ணீரைத் திருப்பிவிட்டால் போதும், வரப்பில் நின்று அவள் போடுகிற சத்தம் ஊர்க் கோடிக்குக் கேட்கும். ஆம்பளைகள் அவளுக்குப் பயந்தார்கள். பயந்ததை ஒப்புக்கொள்ள முடியாததால் அடங்காதவள் என்று பேர் வைத்தார்கள். அவளிடம் ஏச்சு வாங்காத ஆள் அந்த ஊரில் கிடையாது. அவள் ஏசியதில் நியாயம் இல்லாத இடமும் அதிகம் கிடையாது. தங்கச்சி என்பதால் நான் பரிந்து பேசவில்லை, நானும் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டவள்தான்.

1972-ல் அவளுக்கு முப்பத்தாறு வயது. இரண்டு பையன்கள். வெற்றிலையோடு புகையிலையை அதக்கிக்கொள்ளும் பழக்கம் உண்டு. அந்த வருஷம் தொண்டை கட்டிக்கொண்டது. கத்திக் கத்திக் கட்டிக்கிருச்சு என்று மாமியார் சின்னத்தாயி சிரித்தாள். கஷாயம், பனங்கற்கண்டு, மந்திரித்த கயிறு என்று மாதக்கணக்கில் இழுத்தடித்துவிட்டு, சோறு இறங்காமல் போன பிறகுதான் அவள் புருஷன் மெய்யநாதன் மச்சான் அவளை மதுரைக்குக் கூட்டிப் போனார். புற்று என்றார்கள். குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தடியில் ஒரு துளை போட்டு, இனி மூச்சு அதன் வழியாகத்தான் என்று அனுப்பினார்கள். துளையை மறைக்க ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டிருப்பாள். வாய் அசையும், சத்தம் வராது. எழுதிக் காட்டவும் வழியில்லை. எங்கள் அப்பா கருத்தையா அவளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை. என்னை அனுப்பியதும் அவள் சண்டை போட்டதால்தான். அப்போது நான் ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்து, அக்கா வீட்டிலேயே தங்கியிருந்தேன்.

"வீடு இப்பத்தான் வீடா இருக்கு" என்று சின்னத்தாயி என் காது படவே சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த செம்பை எறிந்திருப்பேன். எறியவில்லை. அக்காவுக்கு இருந்த தைரியம் எனக்கு எப்போதுமே இருந்ததில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் சரஸ்வதி என்று ஒரு பெண் இருந்தாள். பேச்சுப் போனவர்களுக்குப் பேச்சுப் பழக்குவது அவள் வேலை. மைசூர் வரை போய்ப் படித்துவிட்டு வந்தவள், காரைக்குடி ஆசாரி வீட்டுப் பெண். சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் ஊருக்கு வருவாள். மதுரைக்கு அலைய வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நானே மானகிரிக்கு வந்து பழக்குகிறேன் என்று அவளாகவே சொன்னாள். ஊரில் அவளுக்குப் பேச்சு டீச்சர் என்று பேர் விழுந்தது.

முதல் ஞாயிறு அவள் பையிலிருந்து எடுத்தது கோலி சோடா. "இதக் குடிங்கக்கா. ஏப்பம் வரும். அந்த ஏப்பத்த வாய்க்குக் கொண்டாந்து அதுலதான் பேசணும். பெறகு சோடா இல்லாமலே காத்த முழுங்கி ஏப்பம் விடப் பழகிரலாம்."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பாட்டிலை வாங்கி முற்றத்தில் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். நாலு பேர் நடமாடும் வீட்டில் ஏப்பம் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதா என்று அவளுக்கு அவமானம்.

அடுத்த ஞாயிறும் சரஸ்வதி வந்தாள். பாப்பா, தாத்தா, காக்கா என்று சொல்லச் சொன்னாள். இந்த மாதிரிக் காற்று அடைத்து வெடிக்கிற எழுத்துகள்தான் முதலில் வருமாம். பச்சைப்பிள்ளையா நான் என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாவது ஞாயிறு சின்னத்தாயி அந்தப் பக்கம் போனவள் சும்மா போகாமல், "என்ன, பாப்பா பாடம் படிக்குதாக்கும்" என்றாள். அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. அன்று டீச்சர் வற்புறுத்திக் குடிக்கவைத்த சோடா அப்படியே மேலே வர, "போடி" என்று ஒரு சத்தம். தவளை கத்தியதுபோல் இருந்தது. ஆனால் போடிதான். மாமியாரைப் பார்த்துத்தான். சின்னத்தாயி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். நான் அழுதுவிட்டேன். சரஸ்வதி தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

அன்றோடு பாடத்தை மாற்றிவிட்டாள். "சொல்லுங்கக்கா, இன்னும் யாரையெல்லாம் ஏசணும்?" என்று கேட்டாள். கட்டையில போவான், பேதியில போவான், தறுதலை, பொறம்போக்கு. வாரா வாரம் ஒரு வசவு. பழைய கோபங்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து அக்கா பேச்சாக்கினாள். முப்பது வயதை நெருங்கிய அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள், பிறகு "இன்னும் கொஞ்சம் காத்து, இன்னொரு தடவ" என்பாள்.

அவளுக்கும் சொல்ல விஷயம் இருந்தது. ஒருநாள் பாடத்தை நிறுத்திவிட்டு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் வேலையை விடச் சொல்வதாகவும், வீட்டில் எல்லாரும் விட்டுவிடு என்று நச்சரிப்பதாகவும் சொன்னாள். அக்கா காற்றை முழுங்கினாள். "போகச் சொல்லு" என்றாள். ஆபரேஷனுக்குப் பிறகு வசவில்லாமல் அவள் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். சரஸ்வதி அந்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வந்தாள் என்று சொல்வதைவிடக் கூட்டாளி வந்தாள் என்று சொல்வதுதான் பொருத்தம்.

மறு வருஷம் ஆடியில் அக்காவுக்குக் காதுக்குக் கீழே ஒரு கட்டி கிளம்பியது. மதுரைக்குப் போய்வந்தார்கள். மச்சானைத் தனியே கூப்பிட்டு, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து மச்சான் அவளிடம் சொன்னது, சளிக் கட்டியாம், தானாகக் கரைந்துவிடுமாம். அவளைத் தவிர எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்து, தேறிவிட்டாய், முகத்தில் தெளிவு வந்துவிட்டது என்றார்கள். எரிச்சலாக வரும். சாகப்போவது அவள், அது அவளுக்கு மட்டும் தெரியக் கூடாதாம்.

ஏன் தெரியக் கூடாது என்பது ஆவணியில் விளங்கியது. சின்னத்தாயி எங்கள் அப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "ரெண்டு ஆம்பளப் பிள்ளைக. நாளைக்கு அன்னியத்தி வந்து சோறு போடுவாளா? அன்னக்கிளிய எம் மகனுக்குக் குடுத்திருங்க. அக்காக்காரி உசுரோட இருக்கையிலேயே பேசி வச்சுக்கிட்டா நல்லது" என்றாள். அன்னக்கிளி நான்தான். எனக்குப் பத்தொன்பது வயது, மச்சானுக்கு நாற்பத்திரண்டு. அப்பா மறுக்கவில்லை. நெளிந்துகொண்டு, பார்க்கலாம் என்றார். என் படிப்பைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த ஞாயிறு மச்சான் சரஸ்வதியை வாசலிலேயே மறித்தார். "இனிமே வர வேணாம் டீச்சர். எதுக்கு வீணா?"

"அக்காவுக்கு விஷயம் தெரியுமா?" என்று அவள் கேட்டாள்.

"தெரிஞ்சு என்ன ஆகப்போவுது? கெடக்கிற வரைக்கும் நிம்மதியாக் கெடக்கட்டும்."

சரஸ்வதி அவரைத் தாண்டி உள்ளே வந்தாள். நான் அக்காவின் கால்மாட்டில் இருந்தேன். அக்கா கட்டியைத் தொட்டுக் காட்டி, "கரையுமா?" என்று கேட்டாள்.

"கரையாதுக்கா. அதே புத்துதான். பொங்கலுக்கு நீங்க இருக்கிறது கஷ்டம்."

அக்கா ஏச ஆரம்பித்தாள். புருஷனை, மாமியாரை, டாக்டரை, எதிரில் உட்கார்ந்திருந்த சரஸ்வதியையும் சேர்த்து. காற்றுத் தீரத் தீர முழுங்கி முழுங்கி ஏசினாள். சரஸ்வதி எழுந்து போகாமல் எல்லாவற்றையும் கேட்டாள். ஓய்ந்த பிறகு அக்கா அவள் கையைப் பிடித்தவள் வெகு நேரம் விடவில்லை. எனக்கும் அடக்க முடியவில்லை. என்னை மச்சானுக்குக் கட்டப் பேசுகிறார்கள் என்று கொட்டிவிட்டேன்.

அக்கா அழவில்லை. "பாடம்" என்றாள் சரஸ்வதியிடம்.

சரஸ்வதிக்கு மானகிரி வீட்டு வாசல் அடைபட்டுவிட்டது. ஆகவே அக்கா காரைக்குடிக்குப் போனாள். கொப்புடையம்மனைக் கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்று ஜாடை காட்டிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவாள். இருவரும் சரஸ்வதியின் அப்பா கதவு செய்கிற பட்டறையில் போய் உட்காருவோம். அவர் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் இழைப்புளி தள்ளிக்கொண்டிருப்பார். அந்தச் சத்தத்தில் இவள் சத்தம் தெருவுக்குக் கேட்காது. இப்போது வசவு இல்லை. பத்துப் பேர் நடுவில் சொல்வதற்கான பேச்சு. வாரத்துக்கு வாரம் உடம்பு வற்றிக்கொண்டே போனது. ஒருநாள் நாலு சொல்லுக்கு மேல் முடியாமல் சாய்ந்துவிட்டாள். சரஸ்வதி மனசு தாங்காமல், "உங்களுக்காக நான் பேசிர்றேன்க்கா" என்றாள். அக்கா அவள் கையைத் தட்டிவிட்டாள். "என் பேச்சு" என்றாள். சரஸ்வதி கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு சோடாவை உடைத்தாள்.

ஐப்பசியில் மானகிரி வீட்டில் கூடினார்கள். பரிசம் போட நாள் குறிக்கத்தான். எங்கள் பக்கத்து ஆட்கள் எங்கள் ஊர் சிங்கம்புணரியிலிருந்து வந்திருந்தார்கள். அக்காவைச் சுவரோரம் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். அவள் சொல்லியனுப்பி சரஸ்வதியும் வந்து பெண்கள் பக்கம் இருந்தாள். கூட்டத்தில் வைத்து அவளை வெளியே போகச் சொல்ல மச்சானுக்கு வாய் வரவில்லை. அவருடைய தாய்மாமன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பிள்ளைகளப் பெத்தவளே மனசாரச் சம்மதிச்சுட்டா. தங்கச்சிதான் வரணும்னு ஜாடையில சொல்லிருச்சு" என்றார்.

"பொய்."

கூடத்தில் அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று எல்லாரும் திரும்பினார்கள். ஒருவன் சிரித்தான். ஏப்பம் விடுது என்றான். சின்னத்தாயி அவசரமாக, "சீக்காளிக்கு என்ன தெரியும்" என்று மழுப்பினாள். எங்கள் சித்தப்பா ஒருத்தர், "டீச்சரம்மா, அது என்ன சொல்லுதுன்னு நீங்க சொல்லுங்க" என்றார்.

"அவுகளே சொல்லுவாக. இருங்க" என்றாள் சரஸ்வதி.

இருந்தார்கள். அக்கா காற்றை முழுங்குவது தெரிந்தது. "நான் கேக்கல" என்றாள். மறுபடி முழுங்கினாள். "தங்கச்சி படிக்கட்டும்." அப்பா பக்கம் திரும்பினாள். "குடுக்காதீக."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். தாய்மாமனுக்கு விட மனசில்லை. "நோவுல பேசுறா. கட்டிக்கப் போற பொண்ணு ஒண்ணும் சொல்லலையே" என்றார். எல்லார் கண்ணும் என்மேல் விழுந்தது. நான் நடுவில் வைத்திருந்த வெற்றிலைத் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வை எனக்கு இப்போதும் நடுக்கம் தரும். அத்தனை கோபம். கழுத்துத் துணி படபடவென்று அடிக்க, கடைசிக் காற்றையும் கூட்டி, "பேசுடி" என்றாள்.

"எனக்கு வேண்டாம்" என்றேன். ஒரு தடவை வந்துவிட்டதும் நிறுத்த முடியவில்லை. "வேண்டாம், நான் கட்டிக்க மாட்டேன், படிக்கப் போறேன்" என்று கத்தினேன். அப்பா எழுந்தார். தாம்பாளத்தைத் தொடாமல் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார்.

மார்கழியில் அக்கா போய்விட்டாள். கடைசிப் பத்து நாள் பேச்சு இல்லை. சரஸ்வதி லீவு போட்டுவிட்டு வந்து பக்கத்திலேயே இருந்தாள், இந்தத் தடவை அவளைத் தடுக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. எடுக்கிற அன்று சொந்தக்காரப் பெண்கள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். சின்னத்தாயி மாரில் அடித்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தாள்.

"வாய் தொறந்து ஒரு சொல்லு சொல்லாமப் போனியே, எந் தாயி" என்று ராகம் இழுத்தாள்.

சரஸ்வதி கூட்டத்திலிருந்து எழுந்தாள். அவள் சத்தம் போட்டு நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

"சொன்னாக. இந்தக் கூடத்துல ஒக்காந்துதான் சொன்னாக. எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தீக."

ஒப்பாரி நின்றுவிட்டது. பாடை கட்டி முடிக்கும் வரை அந்தப் பெண்கள் யாரும் அதை மறுபடி எடுக்கவில்லை.