முப்பத்தேழாம் கல்

ரயில்வே கேட் மூடியதும் கலைமதி பேனா மூடியைக் கழற்றுகிறாள். ஓடுகிற பேருந்தில் அவள் எழுத மாட்டாள்; எழுத்து ஆடிவிடும். ஒலக்கூரிலிருந்து திண்டிவனம் போகும் எங்கள் டவுன் பஸ் அந்தக் கேட்டில் தினமும் ஐந்து நிமிடமாவது நிற்கும். ரயில் தாமதமானால் பத்து. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி நிற்பார். கலைமதி பரீட்சை அட்டையை மடியில் வைத்து, கிளிப்பில் தாளைச் செருகி, விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். ஒரு நாளைக்கு ஆறு வரி, ஏழு வரி. ரயில் போய்க் கேட் தூக்கியதும் மூடியைப் போட்டுவிடுவாள், பாதிச் சொல்லாக இருந்தாலும் சரி.

கணிதம் முதலாண்டு. எங்கள் வகுப்பு. எல்லாருக்கும் தமிழும் ஒரு பாடம். தமிழில் இந்தப் பருவத்துக்கு ஒரு கட்டுரை. அதை ஒரே தடவையில் எழுதிக் கொடுக்கக் கூடாது. மூன்று முறை எழுத வேண்டும், மூன்று படிகளையும் சேர்த்துக் கட்டித் தர வேண்டும். வகுப்புப் பிரதிநிதி என்பதால் அவற்றை வாங்கி அடுக்கி, ஓட்டை போட்டுக் கொண்டுபோய் வைப்பது என் வேலை. அதனால் அறுபத்து நான்கு பேர் திருத்தி எழுதுகிற அழகையும் பார்க்கக் கொடுத்துவைத்தேன். தேவா முதல் படியில் ‘மழை’ என்று எழுதியதை இரண்டாம் படியில் ‘மாரி’ என்றும் மூன்றாம் படியில் ‘வான்கொடை’ என்றும் மாற்றியிருந்தான். வேறு எதுவும் மாறவில்லை. பிரவீன்குமார் செல்போனிடம் கேட்டு எழுதி வாங்கி, சந்தேகம் வரக் கூடாதென்று அங்கங்கே பிழைகளைத் தன் கையால் சேர்த்திருந்தான்.

கலைமதிக்குத் திருத்துவது என்றால் மேலும் அழகாக எழுதுவது. முதல் படி நீலப் பேனா. இரண்டாம் படி கறுப்பு ஜெல் பேனா. மூன்றாம் படியில் தலைப்புகளுக்குப் பச்சை ஸ்கெட்ச், அடிக்கோடு ஸ்கேல் வைத்து. இடப்பக்கம் மார்ஜின் சரியாக ஒரு அங்குலம். அதற்குள் புள்ளிகூட விழக் கூடாது. ஒரு சொல் தப்பிவிட்டால் அடிக்க மாட்டாள், வெள்ளை மை பூச மாட்டாள். அந்தத் தாளையே எடுத்து வைத்துவிட்டுப் புதுத் தாளில் முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பாள். பிளஸ் டூவில் தமிழுக்குத் தொண்ணூற்று ஏழு வாங்கித் தந்தது இந்தக் கைதான். “அடிச்சிக்கினு கெடந்தா பேப்பரு பாக்குறவங்களுக்குக் கோவம் வரும்” என்பது அவள் கொள்கை.

இன்னொரு பழக்கமும் பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே வந்துவிட்டது. ஒவ்வொரு படியின் முதல் பக்கத்திலும் வலது மேல் மூலையில் ஒரு சின்னக் கட்டம். அதில் ‘பெற்றோர் கையொப்பம்’. கல்லூரியில் யாரும் கேட்கவில்லை. முதல் படியைக் கொண்டுவந்து கொடுத்தபோது கட்டத்துக்குள் கு.கோதண்டபாணி என்று ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திப் போட்ட கையெழுத்து இருந்தது. வகுப்பே சிரித்தது. பக்கத்து இருக்கைத் தோழி சங்கவி, “இன்னாடி, நீ இன்னும் ஒம்போதாவதுதான் படிச்சிக்கினு இருக்கியா?” என்று கேட்டாள். கலைமதி சிரிக்கவில்லை. அப்பா எட்டாவது வரை படித்தவர். கட்டுரையைப் படிப்பதில்லை. பக்கங்களைப் புரட்டி, “முத்து முத்தா இருக்குதும்மா” என்று சொல்லிக் கையெழுத்துப் போடுவாராம். அது இல்லாமல் ஒரு தாளைக் கொடுத்தால் திருடிக்கொண்டு வந்து கொடுப்பது போல இருக்கும் என்றாள்.

பேருந்தில் அவள் உட்காரும் இடமும் மாறாது. இடப்பக்கம் பெண்கள் இருக்கை காலியாக இருந்தாலும் வலப்பக்கம்தான், ஆண்கள் நடுவில் ஒடுங்கிக்கொண்டு. காலை வெயில் இடப்பக்கம் அடிக்கும். அதற்குத்தான் என்று நினைத்திருந்தோம். சங்கவி மட்டும் முணுமுணுத்துக்கொண்டே கூட உட்காருவாள்.

கட்டுரையின் தலைப்பு ‘எனக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இடம்’. கலைமதி ‘எங்கள் கழனி’ என்று எழுதியிருந்தாள். முன்னுரை, நிலத்தின் சிறப்பு, நீர்வளம், உழவரின் உயர்வு, முடிவுரை. முன்னுரையில் உழவன் நாட்டின் முதுகெலும்பு. நீர்வளத்தில் கிணற்று நீர் சலசலத்து ஓட, பயிர்கள் தலையாட்டி மகிழ்ந்தன. மூன்று படியிலும் அதே சலசலப்பு, அதே தலையாட்டல், மூன்று நிற மையில்.

இரண்டு வாரத்தில் கட்டுகள் திரும்பி வந்தன. தமிழ் எடுக்கும் கவிதா மேடம் யாருக்கும் மதிப்பெண் போடவில்லை. ஓரத்தில் பென்சிலால் ஒவ்வொரு கேள்வி எழுதி, பதினைந்து நாளில் இன்னொரு படி வேண்டும், அதற்குத்தான் மதிப்பெண் என்று சொல்லிவிட்டார்கள். தேவாவிடம் எந்த ஊரில் பெய்த மழை என்று கேட்டிருந்தது. கலைமதியின் தாளில், தலையாட்டிய பயிர்களுக்கு நேரே, ‘என்ன பயிர்? கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?’ என்று இருந்தது.

அவள் மார்ஜினில் கிடந்த அந்தப் பென்சில் எழுத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். அழித்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். ரப்பரை எடுத்தாள், எடுத்து டப்பாவிலேயே போட்டுவிட்டாள். “மூணு வாட்டி எழுதனனே, கையி எப்பிடி இருக்குதுன்னு ஒருத்தரும் சொல்லலியே” என்றாள், யாரிடமும் இல்லாமல்.

அடுத்த ஒரு வாரம் கேட்டில் பேருந்து நின்றபோது அவள் அட்டையை வெளியே எடுக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் எடுத்தாள். நீலப் பேனா. முன்னுரை என்று எழுதினாள், நிறுத்தினாள், தாளை உருவி வைத்தாள். மறுநாளும் முன்னுரை. அதற்கு மறுநாளும். முன்னுரை இல்லாமல் எப்படி ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. எங்களில் யாருக்குமே தெரியாது. மனப்பாடமாக இருந்தது அது ஒன்றுதானே. நான்காம் நாள், எந்தத் தலைப்பும் போடாமல், தாளின் நடுவில் வேகமாக மூன்று வரி எழுதினாள். கேட் தூக்கிய பிறகும் எழுதிக்கொண்டே இருந்தாள். எழுத்து ஆடியது.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை நூலகத்தில் அந்தப் படியை என்னிடம் நீட்டினாள். “படிச்சிட்டு யார்ட்டயும் சொல்லாத. சங்கவிகிட்டயும்.” நான்காம் படி, ஒன்றரைப் பக்கம்தான். மூன்றாம் படி ஏழு பக்கம் இருந்தது.

‘எங்கள் கழனி இப்போது பிளாட். அக்கா கல்யாணத்துக்கு முந்தின வருஷம் கொடுத்தோம். என் அப்பா அங்கே வாட்ச்மேன். வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. காலையில் அப்பா சைக்கிளை எடுக்கும்போது கழனிக்குப் போய்ட்டு வர்றேன் என்றுதான் சொல்வார். அம்மாவும் கழனிக்குச் சோறு கட்டித் தருவாள். மல்லாட்டை விதைத்த இடத்தில் மஞ்சள் கற்கள். நாற்பத்திரண்டாம் எண் கல் இருக்கும் இடத்தில் எங்கள் கிணறு இருந்தது. மனை வாங்க வருகிறவர்கள் இங்கே எத்தனை அடியில் தண்ணீர் என்று கேட்பார்கள். அப்பா சரியாகச் சொல்வார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.’

அந்தக் கடைசி வரியை நான் மூன்று முறை படித்தேன். பிரமாதம் என்றேன். பிரமாதம் என்பது அங்கே பொருந்தாத சொல் என்று சொல்லும்போதே தெரிந்தது. அவள் காதில் வாங்கவும் இல்லை. முதல் பக்கத்தின் மூலையைக் காட்டினாள். கட்டம் போட்டிருந்தாள். காலி.

கல்லூரி சேர்க்கைப் படிவத்தில் தந்தை தொழில் விவசாயம். முதல் நாள் எழுந்து நின்று அறிமுகம் செய்துகொண்டபோதும் அப்பா விவசாயம் என்றுதான் சொன்னாள். அது பொய் என்று அவளுக்குத் தோன்றியதில்லை. வீட்டில் பேசுகிற பேச்சு அதுதான். இப்போது இந்தத் தாளை அப்பா கையில் கொடுத்தால், வழக்கம் போலப் படிக்காமல் போட்டுவிட்டால் பரவாயில்லை. ஒன்றரைப் பக்கம்தானே என்று படித்துவிட்டால்? வீட்டில் மூன்று வருஷமாக யாரும் வாய்விட்டுச் சொல்லாததை அவள் எழுதிவைத்திருக்கிறாள், அதுவும் முத்து முத்தாக.

சனி, ஞாயிறு, திங்கள். மூன்று நாளும் அப்பா எதிரில் தாளை எடுத்து, திரும்பப் பையில் வைத்தாள். கட்டம் இல்லாமல் வேறு தாளில் எழுதிவிடு என்றேன். அப்பாவுக்குத் தெரியாமல் அப்பாவைப் பற்றிக் கொடுப்பதா என்று கேட்டாள். அப்படியென்றால் பழைய மூன்றாம் படியையே கொடு, அதில் கையெழுத்து இருக்கிறது என்றேன். கொடுக்க வேண்டிய நாள் செவ்வாய்.

செவ்வாய் காலை. அதே பேருந்து, அதே வலப்பக்கம். காலிக் கட்டத்தோடு தாள் மடியில். அவளுக்குப் பக்கத்தில் சங்கவி, நான் பின் இருக்கையில். கேட் மூடியது. டிரைவர் இன்ஜினை அணைத்தார். கலைமதி பேனா மூடியைக் கழற்றவில்லை. எழுந்து, சங்கவியின் காலைத் தாண்டிக்கொண்டு, கண்டக்டர் பெரியசாமியிடம் போய், “அண்ணே, ரெண்டு நிமிஷம், கையெழுத்து வாங்கிக்கினு வந்துடுறேன்” என்றாள்.

“கேட்டுல யாரும்மா கையெழுத்து போடுவாங்க? ரயிலு டிரைவரா?” என்றார் அவர். அதற்குள் இறங்கிவிட்டாள்.

அப்போதுதான் இடப்பக்கம் பார்த்தேன். கேட்டை ஒட்டி, சாலையிலிருந்து பத்தடியில், ஏதோ ஒரு நகர் என்று எழுதிய வளைவு. உள்ளே வரிசை வரிசையாக மஞ்சள் கற்கள், எண் போட்டு. வளைவின் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் நீலச் சட்டை போட்ட ஒருவர். தினமும் இதைத் தாண்டித்தான் போகிறோம். வெயில் இல்லை காரணம். இந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கத்தான் அவள் அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

அவர் எழுந்து நின்றார். பேருந்து முழுக்க ஜன்னல். ஜன்னல் முழுக்க முகம். அவள் தாளை நீட்டினாள். கையெழுத்துப் போடும் மூலையைத் தேடினார், கண்டுபிடித்தார், ஆனால் போடவில்லை. என்ன தோன்றியதோ, படிக்க ஆரம்பித்தார். உதடு அசைய, எழுத்து எழுத்தாக. ரயில் வந்தது. நீளமான சரக்கு ரயில். அது கடக்கிற வரை அவர் தாளை விட்டு நிமிரவில்லை, அவள் தரையை விட்டு நிமிரவில்லை. பக்கத்தைத் திருப்பினார். முடித்தார். திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தார்.

“பேனா குடு” என்றார். ரயில் போன அமைதியில் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

தாளைச் சைக்கிள் சீட்டின் மேல் வைத்து எதையோ அடித்தார். ஓரத்தில் எழுதினார். “கெணறு நாப்பத்திரண்டுல இல்லம்மா. முப்பத்தேழு. நாப்பத்திரண்டு நம்ம மோட்டார் கொட்டாய். தப்பா எழுதிக்கினு போனா படிக்கிறவங்க இன்னா நெனப்பாங்க?” அதன் பிறகு கட்டத்துக்குள் கையெழுத்துப் போட்டார், அதே நிறுத்தி நிறுத்தி.

கேட் தூக்கிவிட்டார்கள். பெரியசாமி படிக்கட்டில் நின்று, “ஜல்தி வாம்மா, பின்னாடி லாரிக்காரன் ஆரனடிச்சே சாவடிக்கிறான்” என்று கூப்பிட்டார். அவள் ஏறினாள். சங்கவி ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாருடி அது?”

“எங்கப்பா.”

“கழனிக்குப் போறாருன்னு சொன்ன?”

“இதான்டி கழனி.”

சங்கவி நகர்ந்து இடம் விட்டாள். திண்டிவனத்தில் இறங்கும்போது அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

தமிழ் வகுப்பு மூன்றாவது மணி. முதல் மணி முடிந்ததும் நான் கட்டுகளை வாங்க ஆரம்பித்தேன். பிரவீன்குமார் தன் செல்போன் ஏமாற்றிவிட்டதாகவும், இந்தத் தடவை தானே எழுதியதாகவும், அதனால்தான் கேவலமாக இருப்பதாகவும் சொல்லிக் கொடுத்தான். கலைமதி மேசையில் தாளை விரித்து வைத்திருந்தாள். முதல் பக்கத்தில் ‘நாற்பத்திரண்டாம்’ என்ற சொல்லின் குறுக்கே அழுத்தமாக ஒரு கோடு. அதற்கு நேரே, ஒரு அங்குல மார்ஜினுக்குள், கொஞ்சம் சாய்ந்து, பெரிதாக 37.

சங்கவி தன் நோட்டிலிருந்து இரண்டு வெள்ளைத் தாளைக் கிழித்து அவள் முன்னால் வைத்தாள். “ஒண்ணரைப் பக்கந்தான? இன்னும் ஒரு பீரியடு இருக்குது. மாத்தி எழுதிடு. கையெழுத்து நாளைக்கு வாங்கிக்கலாம், நானே மேடம்கிட்ட சொல்லிக்கிறேன்.”

கலைமதி வெள்ளைத் தாளை எடுத்துப் பார்த்தாள். ஸ்கேலையும் எடுத்தாள். எடுத்து, மார்ஜினில் அந்த எண் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று வைத்து அளந்தாள். வெள்ளைத் தாளைச் சங்கவியின் நோட்டுக்குள் திரும்பச் செருகினாள். நான்கு படிகளையும் தட்டிச் சேர்த்தாள், அடித்த தாள் மேலே. பிறகு என் கையிலிருந்து ஓட்டை போடும் மெஷினை வாங்கி, எல்லாருக்கும் போட்ட இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, முப்பத்தேழின் மேல் படாமல் ஒரு விரல்கடை மேலே நகர்த்தி அழுத்தினாள்.