இஞ்சினுக்குப் போட்ட நாமம்

இஞ்சின் நெற்றியில் வண்டி மை தடவியது நான்தான். பழி என் நண்பன் தலையில் விழுந்தபோது வாய் திறக்காமல் நின்றதும் நான்தான்.

எழுபதுகளின் தொடக்கம். படிப்பு முடித்து வேலைக்குக் காத்திருந்த எங்கள் இருவருக்கும் காஞ்சிபுரம் ரயில் நிலையம்தான் போக்கிடம். அந்த மீட்டர்கேஜ் பாதையில் நீராவி இஞ்சின்களுக்கு நடுவே எப்போதாவது ஒரு டீசல் வரும். கப்பலில் வந்தவை முதல் தலைமுறை, அதே அச்சில் நம் நாட்டில் செய்தவை இரண்டாம் தலைமுறை. அதுவரை ஒற்றுமை. எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்பதில்தான் சண்டை. அவன் முகக் கட்சி: விளக்கு, மூக்கு, ஏணி பார்ப்பான். நான் காதுக் கட்சி: உறுமல் போதும் என்பேன்.

"கண்ண மூடிக்கினு இஞ்சின் பாக்கறவன் ஊர்லயே நீ ஒருத்தன்தான்பா!"

அந்தக் கேலி சுட்டது. டீசலின் நெற்றியில் ஆங்கிலத்தில் ஒய்.டி.எம். என்று இருக்கும், ஒய் என்றால் மீட்டர்கேஜ். ஒரு நாள் அவன் வருமுன், டிரைவர் டீ குடிக்க இறங்கிய நேரத்தில், அந்த ஒய்யின் காலை மையால் மறைத்தேன். அது வி ஆகிவிட்டது.

வந்தவன் துள்ளினான். "வி.டி.எம்.! மூணாந் தலைமுறைடா!" போர்ட்டர், டீக்காரர் எல்லாரிடமும் சொல்லிவிட்டு, எழுத்தை ஆசையாகத் தொட்டும் பார்த்தான். விரலெல்லாம் கருப்பு. அப்போதுதான் ஸ்டேஷன் மாஸ்டர் வந்தார். பாதம் வைத்த நாமம் தென்கலை, வைக்காதது வடகலை என்று கோயில் யானை நெற்றிக்கே சண்டை போட்ட ஊர் எங்களுடையது.

"யானைக்கு அடிச்சிக்கினது பத்தலயா? இஞ்சினையும் வடகலை ஆக்கிட்டியா? இனி பிளாட்பாரத்துல கால் வைக்காத!"

அவன் என்னைப் பார்த்தான். நான் சிக்னலைப் பார்த்தேன்.

அதன்பின் அவன் வேலிக்கு வெளியே, சரக்குக் கொட்டகைக்குப் பின்னால் நின்றான். அங்கிருந்து இஞ்சினின் முகம் தெரியாது. சில நாளுக்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. ஸ்டேஷன் மாஸ்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவனை உள்ளே விட்டார். என்னை வெளியே அனுப்பினார்.

"எனக்கே நாமம் போட்டுட்டியேடா," என்றான் அவன், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து. "சரி, நீ காதுக் கட்சிதான? கேட்டுச் சொல்லு."

ஒவ்வொரு டீசலுக்கும் கொட்டகைக்குப் பின்னாலிருந்து கத்துவேன்: "ரெண்டாந் தலைமுறை!"

"தப்பு!" என்று பதில் வரும்.

முதல் என்றாலும் தப்பு, இரண்டு என்றாலும் தப்பு. ஒரு தடவைகூட நான் சொன்னது சரியாக இருந்ததில்லை. 'நிஜமாகத்தான் சொல்கிறாயா?' என்று அவனைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.