குகைக்குள் ஒரு ஸ்டேஷன்

ஈர வேட்டியை ரயில் ஜன்னலில் கட்டிக் காயப்போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. தலை நரைத்துவிட்டது, கடைவாயில் இரண்டு பல் போய்விட்டது, இந்தக் கோபம் மட்டும் வாலிபமாகவே இருக்கிறது.

அறுபதுகளின் தொடக்கம். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். என் மனைவிக்கு மூச்சிரைப்பு. ஊரெல்லாம் சாரலுக்கு ஏங்கிக் கிடக்கும். அவளுக்கோ சாரல் விழுந்த அன்றே நெஞ்சுக்குள் பூனை கத்தத் தொடங்கிவிடும். தென்காசியில் காட்டாத வைத்தியர் பாக்கியில்லை. புனலூரில் ஒருவர் இதற்கென்றே மருந்து தருகிறார் என்று யாரோ சொல்ல, ஆனி மாதத்தில் ஒரு காலை கொல்லம் வண்டியில் ஏறினோம்.

பகவதிபுரம் தாண்டியதும் மலையைக் குடைந்து போட்ட குகை வரும். அரை மைல் இருக்கும். அப்போது கரி எஞ்சின். முன்னால் ஒன்று இழுக்கும், ஏற்றத்துக்காகப் பின்னால் ஒன்று தள்ளும். இரண்டும் விடுகிற புகைக்குக் குகைக்குள் போக்கிடம் ஏது? நம் பெட்டிக்குள்தான் வரும். அதனால் வண்டி பகவதிபுரத்தில் கிளம்பியதுமே யாரும் சொல்லாமல் எல்லோரும் ஜன்னலின் மரக்கதவை இறக்கிவிடுவார்கள். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவது மாதிரி அது.

அவளுக்கு அந்தக் குகை என்றாலே நடுக்கம். சமாதானம் சொல்ல வேண்டியவன் நான். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "ஏட்டி, பயப்படாத. உள்ள ஒரு ஸ்டேஷன் இருக்கு. எறங்கிக் காப்பி குடிச்சிட்டுப் போவலாம்" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எங்களுக்கு எதிரில், கொல்லத்துக்குச் சரக்கெடுக்கப் போகிற சுரண்டை ஊர்க் கடைக்காரர் ஒருவர். குற்றாலத்தில் நாலு நாள் எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றுவிட்டு வந்தவர். தலையும் கழுத்தும் மினுங்கின. தென்காசியில் ஏறியதும் முதல் காரியமாக மூட்டையைப் பிரித்தார். இரண்டு வேட்டி, துண்டுகள், எல்லாம் ஈரம். வேட்டிகளின் ஒரு முனையை ஜன்னல் கம்பியிலும் மறு முனையை மேலே சாமான் பலகையிலும் இறுக்கிக் கட்டினார். சீசனில் குளித்துவிட்டு வருகிற எல்லோரும் செய்கிற வேலைதான். ஆனால் அவர்கள் பகவதிபுரத்துக்கு முன்பே அவிழ்த்துவிடுவார்கள். இவர் செங்கோட்டையிலேயே தூங்கிப்போனார்.

எழுப்பியிருக்கலாம் அல்லவா? எழுப்பினேன். பகவதிபுரத்தில் தொடையைத் தட்டி, குகை வரப்போகுது அண்ணாச்சி, வேட்டியை அவிழுங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னேன். கண்ணைத் திறக்காமலே, காய்ந்ததும் அவிழ்க்கலாம் தம்பி என்றார். நானே எழுந்து முடிச்சில் கை வைத்தேன். ஈரத்துணி முடிச்சு! கல் மாதிரி இறுகிக் கிடந்தது. மரக்கதவை இழுத்தேன். முடிச்சில் முட்டிப் பாதியில் நின்றுவிட்டது.

அதற்குள் இருட்டிவிட்டது.

புகை வந்தது. மற்ற ஜன்னல் எல்லாம் மூடியிருக்க, மொத்தப் புகைக்கும் எங்கள் ஜன்னல்தான் வாசல். அவள் இருமத் தொடங்கினாள். இரண்டு இருமலுக்குப் பிறகு இருமலும் இல்லை. காற்றை உள்ளே இழுக்கிற ஒரு கீச்சொலி மட்டும். என் கையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் நகத்தோடு உள்ளே இறங்கின.

நான் முடிச்சைப் பல்லால் கடித்தேன். நல்லெண்ணெயும் சீயக்காயும் வாய் நிறைய வந்தது. கடித்துக்கொண்டே அந்த மனிதரின் பரம்பரையைத் திட்டினேன். வாயில் வேட்டி இருந்ததால் அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. என் மூளையைச் செருப்பால் அடிக்க வேண்டும். எஞ்சின் ஓடுவதால் புகை வருகிறது, எஞ்சின் நின்றால் புகை நிற்கும் என்று அது சொன்னது. நானும் கேட்டேன். உட்காரும் பலகை மேல் ஏறி அபாயச் சங்கிலியைப் பிடித்துத் தொங்கினேன்.

வண்டி நின்றது. குகைக்கு நட்டநடுவில்.

ஓடியிருந்தால் கொஞ்ச நேரத்தில் வெளிச்சத்துக்குப் போயிருப்போம். இப்போது முன்னால் ஒரு எஞ்சின், பின்னால் ஒரு எஞ்சின், இரண்டும் நின்று நிதானமாகப் புகை விட்டுக்கொண்டிருந்தன. நான் சொன்ன ஸ்டேஷன் வந்துவிட்டது. எவன் சங்கிலியைப் பிடித்தான் என்று பெட்டியே இருட்டில் ஏசியது. நானும் சேர்ந்து ஏசினேன், எல்லோரையும்விடச் சத்தமாக.

எதிரில் ஏதோ புரண்டது. கடைக்காரர் மூட்டையைத் துழாவி, மிச்சமிருந்த ஈரத்துண்டை எடுத்து அவள் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்தினார். "இதுக்குள்ள மூச்சு விடு, தாயி. மெல்ல, மெல்ல" என்றார். எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. கெடுத்தவரே வைத்தியமும் பார்க்கிறாரா?

கீச்சொலி கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி விட்டது. நான் இறங்கியதும் மறுபடி என் கையைப் பற்றியிருந்த விரல்கள் தளர்ந்தன. உயிர் போய்த்தான் தளர்கிறது என்று நினைத்து நான் போட்ட சத்தத்தை இங்கே எழுதுவதாக இல்லை.

கார்டு கைவிளக்கோடு படியேறி வந்தார். "யாருவே சங்கிலிய இழுத்தது?" என்று கேட்டார்.

நான் கையை நீட்டிக் கடைக்காரரைக் காட்டினேன். கொஞ்சமும் கூசவில்லை. வேட்டியைக் கட்டியவர்தானே, அபராதத்தையும் கட்டிக்கொள்ளட்டும். அவருக்கு இருமலில் பதில் சொல்ல முடியவில்லை. இல்லையென்று கையை மட்டும் ஆட்டினார். கார்டு அவர் தோளைப் பிடித்தார்.

அவள் துண்டை விலக்கினாள். என்னைக் காட்டி, ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்று வாங்கி வாங்கிச் சொன்னாள்: "அவர விடுங்க. இவியதான் இழுத்தாவ."

வண்டி மறுபடி கிளம்பி ஆரியங்காவு வந்தது. வெளிச்சத்தில் பார்த்தால் எல்லோர் முகமும் அடுப்புக்கரி. அவள் ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்து, நோகாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். கார்டு என்னை இறங்கச் சொல்லிவிட்டு ஸ்டேஷன் மாஸ்டர் அறை வாசலில் காத்து நின்றார். எனக்கு அடக்க முடியவில்லை. இருந்த அரை மூச்சை என்னைக் காட்டிக்கொடுக்கவா செலவழிப்பாய் என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த மனுசன் துண்டாவது குடுத்தாரு. நீங்க என்ன குடுத்திய?"

கார்டு மறுபடியும் கூப்பிட்டார். இறங்கிப் போனேன்.