எல்லாம் நோர்மல்

துறைமுகப் பக்கத்தில் படகு எஞ்சின் திருத்துகிறவர் அவர். மெலிந்த உடம்பு, கையில் எப்போதும் ஓர் எண்ணெய்த் துணி. என்ன கேட்டாலும் முகம் பார்க்காமல், விரல்களைத் துடைத்தபடி “நோர்மல்” என்பார். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கே அந்த ஆங்கிலச் சொல் தெரியும். ஆனால் அவர் வாயில் அது பழுதில்லை என்றும் ஆகும், பழுதிருந்தாலும் பரவாயில்லை என்றும் ஆகும், பேசாமல் போ என்றும் ஆகும்.

ஒருநாள் பின்னேரம் என் கணவர் கடலுக்குப் போக இருந்தார். திருத்தி முடித்த எஞ்சின் கரும்புகை கக்கியது.

“புகை வருகுதே அண்ணை?”

“நோர்மல்.”

“சத்தமும் விட்டு விட்டுக் கேக்குது.”

“அதுவும் நோர்மல் தங்கச்சி. நீங்கள் சும்மா பயப்பிடுறியள்.”

நான் பயந்தவள்தான். அதற்காக ஒரு சொல்லால் என் வாயை அடைப்பதா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அப்ப நீங்களும் ஏறுங்கோ. கரை மறையுமட்டும் போயிட்டு வருவம். நானும் வாறன்.”

துடைத்த கை நின்றது. அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

“எனக்கு இண்டைக்கு ஏலாது” என்றவர், குனிந்து எஞ்சின் மூடியைத் திரும்பக் கழற்றத் தொடங்கினார்.

கணவர் அன்று போகவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. திருத்தியவரையே ஏறச் சொல்லத் துணியாத எத்தனை பேர் அந்தச் சொல்லை நம்பிப் படகைத் தள்ளினார்களோ.