உரத்தைத் தின்ன பாசி

இன்னிக்குக் காலையில ஆன அதிர்ச்சி இன்னும் தீரலைப்பா.

காஞ்சிபுரத்துச் சாக்கடைத் தண்ணியில என் கீரைத்தோட்டம் உரமே இல்லாம கருகருன்னு வளரும். இந்த வருஷம் மெட்ராஸ் காலேஜ்காரங்க மேல்பக்கம் தொட்டி கட்டி, அதுல பாசி வளர்த்து, தண்ணியைச் சுத்தமாக்கி விடுறாங்க. நாத்தம் போச்சு. ஆனா கீரை மஞ்சளா நிக்குது!

நேரா தொட்டிக்கிட்ட இருந்த காலேஜ் பசங்ககிட்ட போய், "தண்ணியில என்னப்பா கலந்தீங்க?"ன்னு சண்டை போட்டேன்.

"எதுவும் கலக்கலைங்க. அதுல இருந்த உரத்தைப் பாசி தின்னுடுச்சு. அதான் பாசியை வாரி உரமா உங்க வரப்புல போடுறோமே!"

அந்தச் சனியனைக் குப்பைன்னு நெனச்சுக் கூடை கூடையா அள்ளி, பக்கத்துத் தோட்டத்து முனியம்மா வேலியோரம் கொட்டிக்கினு இருந்தது நான்தான்.

அவங்க பூசணிக்கொடி இப்ப வேலி தாண்டி என் கீரை மேலயே படருது.

இந்தப் பக்கம் காய்க்கிற பூசணி யாருக்குப்பா சொந்தம்? நீங்களே சொல்லுங்க.