மேற்படி நபரின் பதக்கம்

நான் ஒரு மொட்டைக் கடிதம் எழுதியிருக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி, தலைமையாசிரியராக ஓய்வு பெற்ற நான், ஒரு நல்ல மனிதரைப் பொய்யர் என்று பெயர் போடாமல் கலெக்டர் அலுவலகத்துக்கு எழுதினேன். 2005ஆம் ஆண்டு, குடியரசு தினம் முடிந்த அந்த வாரத்திலேயே.

அவர் ராணுவத்தில் பாதிரியாராக இருந்தவர். மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய எங்கள் ஊர்தான் அவருக்கும். மூன்று சகோதரர்களில் நடுப்பிள்ளை. அண்ணனும் தம்பியும் அளத்தில் கூலி வேலை செய்தார்கள். ஓய்வு பெற்றதும் அவர் வேறு எங்கும் போகாமல் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார். மனைவியை இழந்த தம்பியும் அங்கேதான். மூன்று கிழவர்கள் ஒரே சட்டிக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டார்கள்.

சுனாமி அலை அடித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்த மாதம் முழுவதும் பாதிரியார் கடலோரக் குப்பங்களிலேயே கிடந்தார். அதனால் பள்ளியில் கொடியேற்ற அவரைக் கூப்பிட்டார்கள். அதற்கு முந்தைய நான்கு வருடங்கள் கூப்பிட்டது என்னை. இப்போதைய தலைமையாசிரியர் வற்புறுத்தியதால் அங்கியில் ஒரு பதக்கத்தைக் குத்திக்கொண்டு வந்திருந்தார். வங்கதேசப் போரில் வீரத்துக்காகக் கொடுத்தது என்று மைக்கில் அறிவித்தார்கள்.

பொறாமைதான். அதோடு ஒரு கேள்வியும் குடைந்தது. துப்பாக்கியே தொடாத ஆளுக்கு வீரப் பதக்கம் எப்படிக் கிடைக்கும்? அவர் வீடு எனக்கு இரண்டு தெரு தள்ளி. நடந்துபோய்க் கேட்டிருந்தால் காப்பி கொடுத்துச் சொல்லியிருப்பார். நானோ வெள்ளைத்தாளை எடுத்து, 'மேற்படி நபர் அணிந்த பதக்கம் உண்மையானதா என விசாரிக்கவும்' என்று எழுதித் தபாலில் போட்டேன்.

பத்து நாளில் கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வந்தார். பாதிரியார் வீட்டில் இல்லாததால் நேரே அளத்துக்குப் போய்ச் சகோதரர்களைக் கேட்டிருக்கிறார். 'மெடலுங்களா? சண்டையில பூசை வச்சதுக்குக் குடுத்தாங்கன்னு சொன்னான்' என்று அண்ணன் சொல்ல, அதை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் வீரம், வீட்டில் பூசை. காகிதத்தில் பார்த்தால் பாதிரியார் ஏமாற்றுக்காரர்.

சாயங்காலமே பாதிரியார் டிரங்குப் பெட்டியிலிருந்த சான்றிதழைக் காட்ட, விசாரணை முடிந்துவிட்டது. வீட்டில் முடியவில்லை.

'முப்பது வருஷமா எங்ககிட்ட பொய் சொல்லியிருக்க. கவர்மென்டு ஆளு முன்னால என்னை மடையனா நிக்க வச்சிட்ட' என்று அண்ணன் கத்தியது தெருவில் எல்லோருக்கும் கேட்டது. தம்பியும் அண்ணன் பக்கம். அதன்பிறகு இருவரும் அவரோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பாண்டிச்சேரியில் வயதான பாதிரியார்கள் தங்கும் இல்லத்துக்குப் போய்விடுவதாக அவர் சொல்லிவிட்டார். ஞாயிறு பூசை முடிந்ததும் கிளம்பத் திட்டம்.

வெள்ளிக்கிழமை அவர் முன்னால் போய் நின்றேன். துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

'ஃபாதர், அந்தக் கடுதாசி எழுதினது நான்தான்.'

'தெரியும் சார்' என்றார். 'வி.ஏ.ஓ. காட்டினாரு. இந்த ஊர்ல "மேற்படி நபர்"னு எழுதறது வேற யாரு?'

அப்போதும் என் கேள்வி அடங்கவில்லை. எதற்காகப் பதக்கம் என்று கேட்டேன். சான்றிதழை என் கையில் கொடுத்தார். நீர் வடிந்த வயலில் கண்ணிவெடிகளுக்கு நடுவே மூன்று சிப்பாய்கள் அடிபட்டுக் கிடந்தார்கள். வெடிகளை அகற்றும் ஆட்கள் வரும்வரை காத்திருக்காமல் பாதிரியார் உள்ளே நடந்து போய் இருவரைத் தூக்கி வந்திருக்கிறார்.

'வீட்ல ஏன் சொல்லலை?'

'வெடி மேல நடந்தியாடான்னு அண்ணன் என்னைத் தொலைச்சிருப்பாரு. அப்புறம் மூணாவது ஆளு என்ன ஆனான்னு கேப்பாரு. நான் திரும்பிப் போறதுக்குள்ள போயிட்டான் சார். அதை யாருக்கும் சொல்ல எனக்கு வாய் வரல.' ஒரு சட்டையை மடித்து வைத்துவிட்டு, 'என்கிட்ட சொன்னது போதும். அளத்துல போய்ச் சொல்லுங்க' என்றார்.

மறுநாள் காலை போனேன். அலை கொண்டுவந்து கொட்டிய சேற்றை வாரிவிட்டு, அண்ணனும் தம்பியும் பாத்தியைப் புதிதாக மிதித்துக்கொண்டிருந்தார்கள். தரை இறுகினால்தான் உப்பு சுத்தமாக விளையும். வரப்பில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் மிதிப்பதை நிறுத்தவில்லை.

'ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன வாத்தியாரு. பேரு போட மட்டும் கை வரலியா?'

'தப்புதான்.'

'படிச்ச ஆளு பண்ற வேலையைப் பார்டா' என்றார் தம்பியிடம். தம்பி பாத்தியில் துப்பப் போய், நினைவு வந்தவராக வரப்புக்கு வந்து துப்பினார்.

பாதிரியாரிடம் வாங்கி வந்திருந்த சான்றிதழைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். கண்ணிவெடி என்றதும் தம்பி நின்றார். நீர் வடிந்த வயல் என்றதும் அண்ணன் நின்றார்.

'ஈர மண்ணா? வெயில் ஏறிச்சா, இல்லையா?'

'விடியற்காலைன்னு போட்டிருக்கு.'

அவர் பாத்தியின் மூலையில் ஒரு கை அளவு மண்ணைத் தோண்டி, மறுபடி மூடித் தட்டினார். தண்ணீரைத் தெளித்துவிட்டு என்னைக் குனியச் சொன்னார். சாய்வாக விழுந்த காலை வெயிலில் பாத்தி முழுவதும் பளபளத்தது. தோண்டி மூடிய இடம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

'தோண்டின மண்ணு தண்ணியைக் குடிச்சிடும். மினுக்காது. அந்த இடத்துல கால் வைக்காதடான்னு எங்கப்பா அவன் முதுகுல எத்தனை போட்டிருப்பாரு' என்றார். பிறகு தம்பியைப் பார்த்து, 'வெடி பொதச்ச இடத்தை வெளிச்சத்துக்கு எதிர்ல பார்த்துட்டே நடந்திருக்கான்டா' என்றார்.

எனக்கு வந்தது போலவே அவருக்கும் ஒரு கேள்வி வந்தது. ஆனால் அவர் நேரே கேட்கப் போனார். சேற்றுக் காலோடு வீட்டுக்குள் நுழைந்து, 'பளபளப்பு பார்த்துத்தானே போன?' என்றார். 'ஆமாண்ணே' என்றார் பாதிரியார். 'மூணாவது ஆளு?' என்ற கேள்விக்கு அவர் பதில் சொன்னபோது நான் வாசலுக்கு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பாண்டிச்சேரிக்குப் போகவில்லை.

திங்கட்கிழமை அண்ணன் என்னைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கூட்டிப்போனார். கோப்பு முடிந்துவிட்டது, இனி எதுவும் தேவையில்லை என்றார் அலுவலர். 'நான் சொன்னது அதுல தப்பா இருக்குது. வாத்தியாரே, எழுது' என்றார் அண்ணன். பாதிரியார் எதற்காகப் பதக்கம் வாங்கினார், வெடிகளுக்கு நடுவே எப்படி நடந்தார் என்று அண்ணன் சொல்லச் சொல்ல எழுதினேன். முதல் மனுவை எழுதியவன் நான் என்பதையும் சேர்த்து, என் முழுப் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டேன். மதியத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. என் மனைவி நான்கு நாள் என்னோடு பேசவில்லை. பள்ளியிலிருந்து அழைப்பு வருவதும் அதோடு நின்றது.

பாதிரியார் அடுத்த ஆண்டு மழைக்காலத்தில், அந்த வீட்டிலேயே, அண்ணனும் தம்பியும் பக்கத்தில் இருக்க இறந்தார். அடக்கத்துக்குப் போயிருந்தேன். தம்பி எனக்கு நாற்காலி போட்டார். அண்ணன் என் வணக்கத்தைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணன் உயிரோடு இருந்தவரை என்னிடம் அப்படித்தான்.